மாரிக்கும் கோடைக்கும் ஒரே ரயர்

முதற்பொருள் யாது என்று கூறப் புகுந்த தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே கூறினார். இரண்டையும் தனித்தனியே வைத்திருந்தால்தான் என்ன என்று வகுப்பறையில் எனக்குத் தோன்றியதுண்டு. நமது தீவின் வீதிகளிலே ஆண்டு முழுவதும் பயணஞ் செய்வோர்க்கு அந்த ஐயம் எழாது. இங்கே நிலத்தைச் சொல்லாமற் பொழுதைச் சொல்ல இயலாது. "இப்பொழுது மழைக்காலமா?" என்று ஒருவர் வினவினால், "எவ்விடத்தில்?" என்று திருப்பிக் கேட்ட பின்னரே விடை கூறலாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பையும் மலையகத்தின் மேற்குச் சரிவுகளையும் நனைக்கின்றது. அதே மாதங்களில் யாழ்ப்பாணத்திலே சோளகம் புழுதியை வாரி முகத்தில் எறிகின்றது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடக்கின் குளங்கள் நிரம்புகின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ-9 வீதியின் 321 கிலோமீற்றரையும் கடக்கும் ஒருவர் ஒரே நாளில் இரு பருவங்களைக் கடந்துவிடுகின்றார். அவரைச் சுமந்துகொண்டு அப்பருவங்களைக் கடப்பவை நான்கு ரயர்கள். அவற்றைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன். தமிழ்ச் சங்கத்தின் ஏட்டில் இது என்ன பொருள் என்று வியப்போர், சென்ற விடுமுறைக்கு எதன்மேல் ஏறி வீடு சென்றோம் என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்ப்பார்களாக.

என் சித்தப்பா யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓட்டுபவர். அவருடைய வண்டி 1990களின் பிற்பகுதியில் யப்பானிலே செய்யப்பட்ட ஒரு கொறோலா. வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளர், கட்டுநாயக்காவில் உறவினரை வரவேற்கச் செல்வோர், நுவரெலியாவைப் பார்க்கப் புறப்படும் புதுமணத் தம்பதியர், ஒடியல்மாவும் பனங்கட்டியும் அடைத்த பெட்டிகளோடு பேராதனைக்கு வரும் என்னைப் போன்றோர் என அதில் ஏறாதவர் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது அவ்வண்டிக்கு ஓய்வு கொடுக்கும் எண்ணம் கைவிடப்பட்டது. 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்து, இருநூறு ரூபாவாயிருந்த டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது, வண்டியை மட்டுமன்று, ரயரை மாற்றுவதும் பெருஞ் செலவாயிற்று. 2023 இல் முன்சில்லுகள் இரண்டும் மொட்டையாகும் நிலையை அடைந்தன. பின்சில்லுகள் அரைவாசி தேய்ந்திருந்தன. இரண்டு புதிய ரயர்கள் வாங்குவது பற்றி வீட்டில் நடந்த ஆலோசனை ஒரு கல்யாணப் பேச்சுக்குக் குறைந்ததன்று. விடுமுறையில் நின்ற நானும் அதில் ஒரு தரப்பானேன்.

கடைக்காரர் முதலிலே காட்டியவை, யப்பானிலிருந்து இறங்கிய வண்டியொன்றிலிருந்து கழற்றப்பட்ட பாவித்த ரயர்கள். தவாளிப்புகள் ஆழமாயிருந்தன, விலையோ புதியதன் பாதிக்கும் கீழே. பக்கச் சுவரிலே மூன்று சிகரங்களையுடைய ஒரு மலையும் அதனுள்ளே ஒரு பனித்துகளும் பொறிக்கப்பட்டிருந்தன. "இது எல்லாக் காலநிலைக்கும் போடுற ரயர், அண்ணை. பனியிலேயே ஓடுறது மழையில ஓடாதே?" என்றார் அவர். கேட்பதற்கு நியாயமான வாதமே. ஆனால் அவ்வாதம் வேறொரு நாட்டின் காலநிலையை நமது வீதிக்குக் கொண்டுவருகின்றது.

குளிர்நாடுகளிலே கோடைக்கு ஒரு வகை ரயரும் பனிக்காலத்துக்கு வேறொரு வகை ரயரும் பூட்டுவது வழக்கம். வெப்பநிலை ஏறக்குறைய 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது கோடை ரயரின் றப்பர் விறைத்து வீதியைப் பற்றும் தன்மையை இழக்கத் தொடங்குகின்றது. பனிக்கால ரயரின் றப்பர் குளிரிலும் மென்மையாயிருக்கும்படி ஆக்கப்பட்டது. பனியைக் கவ்விப் பிடிக்க அதன் மேற்பரப்பிலே நுண்ணிய வெட்டுகள் நிறைய உண்டு. ஆண்டுக்கு இருமுறை நான்கு ரயர்களையும் மாற்றும் தொல்லையைத் தவிர்க்க விரும்புவோர்க்காக இரண்டுக்கும் இடைப்பட்டதாகச் செய்யப்படுவதே எல்லாக் காலநிலை ரயர். எம்+எஸ் என்னும் எழுத்துகளைச் செய்வோர் தாமே பொறித்துக்கொள்ளலாம். மலையும் பனித்துகளும் கொண்ட குறியைப் பெறுவதற்குப் பனியில் ஓட்டிச் சோதித்திருத்தல் வேண்டும். ஆகவே அங்கு 'எல்லாக் காலநிலை' என்பதன் பொருள், கோடையோடு பனியையும் தாங்குவது என்பதே. வன்னியின் சித்திரை வெயிலைத் தாங்குவது என்ற பொருள் அதில் இல்லை. நுவரெலியாவில் தை, மாசி இரவுகளிலே புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. வீதியிலே பனிமழை பொழிந்ததாக எவரும் கண்டதில்லை. நண்பகலில் மாங்குளத்துக்கும் வவுனியாவுக்கும் இடையே தார்வீதியின் வெப்பம் 50 பாகையைத் தாண்டுவது இயல்பு. அவ்வெப்பத்தில் குளிருக்கென மென்மையாக்கப்பட்ட றப்பர் விரைவிலே தேயும். வெட்டுகள் மலிந்த அதன் கட்டைகள் பிறேக் அழுத்தும்போது நெளியும். வண்டி நிற்கும் தூரம் நீளும்.

இவற்றையெல்லாம் நான் வாசித்துச் சொன்னேன். சித்தப்பா அதற்கு முன்னரே முடிவு செய்துவிட்டார். அவர் ரயரை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, "பிள்ளை, கம்பளிப் போர்வையைப் போர்த்துக்கொண்டு வயலுக்குப் போறவனை நீ கண்டிருக்கிறியே?" என்று மட்டும் கேட்டார்.

எனவே நமக்கு வேண்டியது குளிர்நாட்டார் கோடை ரயர் என்று கூறும் சாதாரண ரயரே. நமது கடைகளில் அதற்கு அப்பெயர் இல்லை. இங்கே அது வெறும் ரயர். அதிலே நல்லதைத் தெரிவதற்குப் பக்கச் சுவரை வாசிக்கத் தெரிந்திருந்தாற் போதும். சித்தப்பாவின் வண்டிக்கு உரிய அளவு 175/65 ஆர் 14 82 எஸ். 175 என்பது மில்லிமீற்றரில் அகலம். 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 65 என்பது. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். எஸ் என்ற எழுத்து மணிக்கு 180 கிலோமீற்றர் வரையான வேகத்தைக் குறிப்பது. நமது வீதிகளில் அதற்கு வேலை இல்லை. எவரும் பொருட்படுத்தாத 82 என்ற எண்ணே வாடகை வண்டிக்காரருக்கு முதன்மையானது. ஒரு ரயர் 475 கிலோகிராம் பாரத்தைத் தாங்கும் என்பது அதன் பொருள். ஐந்து பேரும், அவர்களுடைய பெட்டிகளும், மேலே கட்டிய அரிசி மூட்டையும் ஏறும் வண்டிக்கு, மலிவு கருதிக் குறைந்த பார எண்ணுடைய ரயரைப் பூட்டுவது அறிவன்று.

மழையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஒரு ரயர் வீதியைத் தொடுமிடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கையளவே. நீர் வழியும் வீதியிலே, அந்த உள்ளங்கைக்குக் கீழே அகப்படும் நீரைத் தவாளிப்புகள் கணந்தோறும் வெளியேற்றினாலன்றி றப்பர் தாரைத் தொடாது. வேகம் கூடக்கூட நீரை வெளியேற்றுதற்குரிய நேரம் குறைகின்றது. ஒரு கட்டத்தில் நீரே ஆப்புப் போல முன்னால் நுழைந்து ரயரைத் தூக்கிவிடுகின்றது. அப்போது வண்டி ஓடுவதில்லை, மிதக்கின்றது. சுக்கானைத் திருப்பினாலும் பிறேக்கை அழுத்தினாலும் பயனில்லை. விமானச் சில்லுகள் ஓடுபாதை நீரில் இவ்வாறு மிதப்பதை அமெரிக்காவின் நாசா நிறுவனத்தார் 1960களில் ஆராய்ந்தனர். மிதக்கத் தொடங்கும் வேகம், ரயரின் காற்றழுத்தத்தினுடைய வர்க்கமூலத்தோடு சேர்ந்து கூடிக் குறையும் என்பது அவர்கள் கண்ட விதி. அவ்விதிப்படி, சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தல் காற்றுள்ள ரயர் மணிக்கு ஏறக்குறைய 94 கிலோமீற்றரில் மிதக்கத் தொடங்கும். 20 இறாத்தலாகக் குறைந்த ரயரோ 74 இலேயே மிதக்கும். நகருக்கு வெளியே கார்களுக்கு நமது சட்டம் இடும் எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். அந்த எல்லைக்கும் மிதப்புக்கும் இடையேயுள்ள பாதுகாப்பு, காற்றடிக்கச் சோம்பியமையால் மட்டுமே நாலு கிலோமீற்றராகச் சுருங்கிவிடுகின்றது. இக்கணக்கு விமானச் சில்லுக்கு உரியது என்பதையும் மறத்தலாகாது. தேய்ந்த கார் ரயர் இதனினுங் குறைந்த வேகத்திலே மிதக்கக்கூடும்.

புதிய ரயரின் தவாளிப்பு ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் ஆழமுடையது. தவாளிப்பின் அடியிலே ஆங்காங்கு 1.6 மில்லிமீற்றர் உயரத்திற் சிறு மேடுகள் வைக்கப்பட்டிருக்கும். மேற்பரப்பு தேய்ந்து அம்மேடுகளோடு சமமானால் ரயர் முடிந்தது என்று கொள்ளவேண்டும். உலர்ந்த கிளிநொச்சி வீதிக்கு அது போதும். மாத்தளை தாண்டி அக்குறணைத் தாழ்நிலத்தில் வெள்ளம் வீதியை மூடும் நாள்களுக்கு அது போதாது. 3 மில்லிமீற்றருக்கு வந்ததுமே மழைநாட் பயணத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கவேண்டும் என்பது என் கருத்து.

இரண்டு புதிய ரயர்கள் வாங்கியாயிற்று. அவற்றை முன்னே பூட்டுவதா, பின்னே பூட்டுவதா? இவ்வினா எங்கள் வீட்டில் ஒரு பகலையும் ஓர் இரவையும் விழுங்கியது. "இழுக்கிறது முன் சில்லு, திருப்புறதும் முன் சில்லு. நல்லதைக் கொண்டுபோய்ப் பின்னால போடுறது என்ன ஞாயம்?" என்றார் சித்தப்பா. ஊரில் உள்ள சாரதிகள் பலரும் அவ்வாறே கருதுகின்றனர். ரயர் செய்வோர் கூறுவதோ இதற்கு நேர்மாறானது. நீரில் முன்சில்லு மிதந்தால் சுக்கான் கையிலே இலேசாகிவிடும். சாரதி அதை உடனே உணர்வார். காலைப் பெற்றோலிலிருந்து எடுப்பார். வண்டி நேரே சென்று வேகங் குறைந்து மீளும். பின்சில்லு மிதந்தால் அவ்வாறு ஓர் எச்சரிக்கை இல்லை. வளைவிலே வண்டியின் வால் வெளியே வீசப்படும். அடுத்த கணம் வண்டி வந்த திசையைப் பார்த்து நிற்கும், அல்லது பள்ளத்தில் கிடக்கும். மீட்டெடுக்கத்தக்க தவறு முன்னே நிகழட்டும், மீட்டெடுக்க இயலாதது பின்னே நிகழாதிருக்கட்டும் என்பதே இதன் தத்துவம். மறுநாட் காலை சித்தப்பா புதியவற்றைப் பின்னேயும் அரைத்தேய்வானவற்றை முன்னேயும் பூட்டுவித்தார். என் வாதத்துக்கு இணங்கினாரா, நாலந்தாவின் ஈர வளைவுகளில் தாம் கண்ட ஏதேனும் ஒன்றை நினைத்துக்கொண்டாரா என்பதை அவர் சொல்லவில்லை. "கம்பசில படிக்கிற பிள்ளை சொன்னது" என்று மட்டும் கடையிலே சொல்லிவைத்தார்.

வாங்குதலோடு விடயம் முடிவதில்லை. பழுதற்ற ரயரும் மாதத்துக்கு ஓர் இறாத்தலளவு காற்றை இழக்கும். இரு கிழமைக்கு ஒருமுறை, காலையில் வண்டி ஓடுமுன், ரயர் குளிர்ந்திருக்கையிலே அளந்து பார்க்கவேண்டும். உரிய அளவு சாரதியின் கதவு ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் சாரதிகள் சிலர், மேலே குளிரில் காற்று இறங்கிவிடும் என்று கூட்டி அடிப்பர். வேறு சிலர், மலையேறினால் ரயர் ஊதும் என்று குறைத்து அடிப்பர். இருவரும் பாதி உண்மையையே கண்டவர்கள். 30 பாகையில் 32 இறாத்தல் அடித்த ரயர் 15 பாகைக்குக் குளிரும்போது இரண்டு இறாத்தலுக்குச் சற்று மேலாக இழக்கும். ஆனால் ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலே வெளிக்காற்றின் அழுத்தம் கரையோரத்தைவிட ஏறக்குறைய மூன்று இறாத்தல் குறைவு; அதனால் அளவுகருவி அவ்வளவு கூட்டிக் காட்டும். ஒன்றை மற்றது ஈடுசெய்துவிடுகின்றது. உரிய அளவை அடித்துக்கொண்டு பேசாமற் போவதே சரி. நைதரசன் அடிக்க வேண்டும் என்று பணங் கேட்போரைப் பற்றியும் ஒரு சொல்: நாம் மூச்சுவிடும் காற்றிலே நூற்றுக்கு 78 பங்கு நைதரசனே.

தேய்வைப் படிக்கத் தெரிந்தவர்க்கு ரயர் ஓர் ஏடு. இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் சில்லின் சாய்வு பிழை. பத்தாயிரம் கிலோமீற்றர் ஆகுமுன் முன்பின்னாக இடமாற்றினால் நான்கும் ஒருமித்துத் தேயும்.

தேயாமலே இறக்கும் ரயர்களும் உண்டு. இதனை யாழ்ப்பாணத்தாருக்குச் சிறப்பாகச் சொல்லவேண்டியிருக்கின்றது. வெளிநாட்டிலுள்ள உறவினர் வாங்கி விட்ட கார், அவர்கள் வரும் ஆடி மாதத்துக்காக மாமரத்தின் கீழே துணி போர்த்தியபடி ஆண்டுக்கணக்கில் நிற்பதை எங்களூரில் பல வீடுகளிற் காணலாம். தவாளிப்பு அப்படியே இருக்கும். திருவிழாவுக்கு வந்தவர்கள் அதனை எடுத்துக்கொண்டு நேரே கண்டிக்குப் புறப்படுவர். றப்பரைக் காக்கும் மெழுகுப் பொருள்கள் ரயர் ஓடி நெளியும்போதே மேற்பரப்புக்கு வருகின்றன. நின்ற ரயரிலே அவை வருவதில்லை. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் பக்கச் சுவரை மயிரிழை மயிரிழையாகப் பிளக்கின்றன. வயதை அறிதல் எளிது. பக்கச் சுவரிலுள்ள நீள்வட்டத்தினுள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்யப்பட்டது. ஐந்து ஆண்டுகள் ஆனபின் ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்டவேண்டும். பத்து ஆண்டுகளுக்கு மேல் எத்தகைய ரயரையும் நம்பலாகாது என்பது செய்வோர் பலரின் அறிவுரை. நமது வெயிலுக்குப் பத்து என்பதே தாராளமான கணக்கு.

றப்பரின் முதுமையைச் சொல்லும்போது அதன் பிறப்பும் நினைவுக்கு வருகின்றது. விடுதியில் என்னோடு தங்கியிருப்பவள் கேகாலைப் பக்கத்து றப்பர்த் தோட்டத்தவள். அவளுடைய அம்மா பால்வெட்டுபவர். விடியற்காலைக் குளிரிலேதான் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் நின்றுவிடும். மழை பெய்தாலோ பட்டை நனைந்து, பால் வெட்டிய கோட்டை விட்டு மரத்தின் மேலே பரந்து வழியும். சிரட்டையில் நீரே நிறையும். அன்று வெட்டில்லை, வெட்டில்லாத நாள்களிலே பேரும் இல்லை. பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாட் சம்பளம். "மழையில் வழுக்காத ரயரைப் பற்றி நீ எழுதுகிறாய், மழை பெய்தால் எங்கள் வீட்டில் அடுப்பு வழுக்கும்" என்றாள் அவள். 1876 இல் கியூ தோட்டத்திலிருந்து கொண்டுவந்து ஹெனரத்கொடவில் நட்ட கன்றுகளோடு நமது நாட்டில் தொடங்கிய பயிர் இது. 1952 இல் சீனாவோடு செய்த உடன்படிக்கையினால் அதுவே நமக்கு அரிசியாயிற்று. 1960களில் சோவியத் உதவியோடு களனியில் எழுந்த தொழிற்சாலையில் ரயருமாயிற்று. கார் ரயரிலே இன்று செயற்கை றப்பரின் பங்கு பெரிது. சூட்டைத் தாங்கவேண்டிய லொறி, பஸ் ரயர்களிலேதான் மரத்துப் பால் மிகுதியாகச் சேர்கின்றது. ஆகவே அவளுடைய அம்மா வெட்டிய பால் சித்தப்பாவின் காரிலே இருப்பதைவிட, நாம் ஏறும் பஸ்ஸிலே இருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

நம்மிற் பெரும்பாலோர் காரில் வருபவர்களல்லர். பஸ் ரயர் தேய்ந்தால் அதன் உடலின்மேற் புதிய றப்பரை ஒட்டிப் புதுப்பிப்பர். இதனை இழிவாகக் கருதவேண்டியதில்லை. விமானச் சில்லுகளையே அவ்வாறு பலமுறை புதுப்பிக்கின்றனர். உடல் வலிதாயிருப்பதும், ஒட்டியவர் ஒழுங்காக ஒட்டியிருப்பதுமே கேள்வி. திசைதிருப்பும் முன்சில்லுகளுக்கு மட்டும் அதனைப் பூட்டாதிருத்தல் நன்று.

பொலன்னறுவையிலுள்ள வேளைக்காரர் கல்வெட்டைக் காண எம் துறையினர் சென்ற பயணத்துக்கு ஒரு பஸ்ஸை வாடகைக்கு அமர்த்தியிருந்தோம். கார்த்திகை மாதம், முதல்நாளிரவு முழுவதும் மழை. ஏறுமுன் நான் சில்லுகளைச் சுற்றி வந்தேன். முன் இடப்பக்க ரயரிலே 1113 என்றிருந்தது. தவாளிப்பின் மேடு மேற்பரப்போடு ஒன்றியிருந்தது. "தங்கச்சி, இது போன கிழமையும் திருகோணமலை போய் வந்த ரயர்" என்றார் சாரதி. அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். விரிவுரையாளர் ஒருவர் குனிந்து பார்த்தார். மழை விடாத வீதியில் அதனோடு நாற்பது பேரை ஏற்றமுடியாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்து, வேறு ரயர் வந்து பூட்டி முடிய ஒன்பதரை மணியாயிற்று. கல்வெட்டைச் சென்றடைந்தபோது பிற்பகல். மழை ஓய்ந்து வெயில் சாய்ந்திருந்தது. எழுத்துகளின் பள்ளங்களில் நிழல் விழுந்து அவை நன்றாகவே தெரிந்தன. மதிய உணவு பிந்தியதற்கு என்னைக் குறைகூறுவோர் வகுப்பில் இன்னும் இருக்கின்றனர்.